டிஸ்னிலேண்ட் ரசிகர்களின் தீராத சண்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் எங்களிடம் கேட்கும் முதல் உதவி, டிஸ்னிலேண்டுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்பதுதான். தெற்குக் கலிபோர்னியாவில் குடியிருப்பவர்களின் தலையெழுத்து அது. போய்ப் போய் எனக்கும் அந்தக் கிறுக்கு ஒட்டிக்கொண்டது. ரைடில் ஏறுவதை விட, ரைடுகளைப் பற்றி ரசிகர்கள் போடும் சண்டையைக் கேட்பதில் இப்போது ருசி அதிகம். கூட வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும். மறைக்கப் போவதில்லை.

டிஸ்னிலேண்ட், டிஸ்னி வேர்ல்ட்: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ரசிகர்கள் காதில் விழும்படி இதைக் கேட்டுவிடாதீர்கள். டிஸ்னிலேண்ட் இருப்பது கலிபோர்னியாவில், அனஹைம் என்ற ஊரில். ஆரஞ்சுத் தோப்பாக இருந்த இடத்தை வாங்கிக் கட்டி, 1955 ஜூலை 17 அன்று திறந்தார்கள். வால்ட் டிஸ்னி தன் காலால் நடந்து திரிந்த ஒரே டிஸ்னி பூங்கா அதுதான். வால்ட் டிஸ்னி வேர்ல்ட் நாட்டின் மறுகோடியில், ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ பக்கம் இருக்கிறது. அது திறந்தது 1971இல். வால்ட் 1966 டிசம்பரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பூங்காக்கள்.

கோயில் பாஷையில் சொன்னால், மூலவர் எங்களிடம்தான் என்பது கலிபோர்னியாக்காரர்களின் பெருமை. உங்கள் பூங்கா முழுவதும் எங்கள் கார் நிறுத்துமிடத்துக்குள் அடங்கிவிடும் என்பது ஃபுளோரிடாக்காரர்களின் பதில். இந்தச் சண்டைக்கு வயது ஐம்பதுக்கு மேல் ஆகிறது.

வளர்ந்த மனிதர்கள் ராட்டினத்துக்காகச் சண்டை போடுவார்களா?

பழைய பாட்டை யாராவது ரீமிக்ஸ் செய்துவிட்டால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் கோபத்தை நினைத்துப் பாருங்கள். அதே கோபம்தான் இது. ஏழு வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போன அதே படகில், முப்பது வருஷம் கழித்துத் தன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போகிறார் ஒருவர். அதே திருப்பம், அதே இருட்டு. வாசனை கூட அதேதான்: பைரட்ஸ் என்ற படகு ரைடின் தண்ணீரில் புரோமின் என்ற கிருமிநாசினியைக் கலக்கிறார்கள், அந்த நெடியை மோந்தாலே கண்கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பொம்மையை நகர்த்தி வைத்தால், தன் வீட்டுக்குள் புகுந்து சுவரிலிருந்த அப்பா படத்தைக் கழற்றியது போல அவர்களுக்கு இருக்கிறது.

டிஸ்னிலேண்டைக் கட்டி முடிப்பது என்பதே கிடையாது, உலகத்தில் கற்பனை இருக்கும்வரை அது வளர்ந்துகொண்டே போகும் என்ற பொருளில் வால்ட் ஒரு முறை சொன்னார். மாற்றம் வேண்டும் என்கிறவர்களும் இதைத்தான் எடுத்து வைக்கிறார்கள். மாற்றக் கூடாது என்கிறவர்களும், “வளர்க்கத்தான் சொன்னார், இடிக்கச் சொல்லவில்லை” என்று இதையே எடுத்து வைக்கிறார்கள். ஒரே குறளுக்கு இரண்டு உரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கவனித்த வரையில், அவரவர் முதல் தடவை பார்த்தது எதுவோ அதுதான் அவரவருக்கு ஒரிஜினல். அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்ற கவலை யாருக்கும் இல்லை.

‘இ டிக்கெட்’ ரைடு என்கிறார்களே, அது என்ன?

இன்றைக்கு வாசலில் ஒரு டிக்கெட் வாங்கினால் உள்ளே எதில் வேண்டுமானாலும் ஏறலாம். ஆரம்பத்தில் அப்படி இல்லை. நுழைவுக் கட்டணம் 1 டாலர்தான், ஆனால் ஒவ்வொரு ரைடுக்கும் தனிச் சீட்டு. 1955இலேயே ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுப் புத்தகங்கள் வந்துவிட்டன, அடுத்த வருஷம் டி சேர்ந்தது. 1959இல் மேட்டர்ஹார்ன் மலை ரோலர் கோஸ்டர், நீர்மூழ்கிக் கப்பல், மோனோரயில் மூன்றும் ஒன்றாக வந்தபோது அவற்றுக்காகவே இ சீட்டை உருவாக்கினார்கள். ஏ சீட்டு குதிரை ராட்டினம் மாதிரி சின்னச் சமாச்சாரங்களுக்கு. அது மட்டும் தீராமல் எல்லார் வீட்டு மேஜை இழுப்பறையிலும் கிடக்கும்.

1982இல் சீட்டுப் புத்தகத்தை நிறுத்திவிட்டார்கள். மிகச் சிறந்த ரைடு என்ற பொருளில் ‘இ டிக்கெட்’ என்ற சொல் மட்டும் நிற்கிறது. 1983இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைட், ராக்கெட் கிளம்பிய அனுபவத்தை ‘நிச்சயமாக ஒரு இ டிக்கெட்’ என்றுதான் சொன்னார். எதிர்ப்பேச்சு பேசாமல் எல்லாக் கட்சி ரசிகர்களும் ஒத்துக்கொள்ளும் சொற்களில் இதுவும் ஒன்று.

அந்தக் காலத்தில் ஜனங்கள் ஒழுங்காக இருந்தார்கள், இப்போதுதான் கெட்டுவிட்டது என்கிறார்களே?

இதை நம்பாதீர்கள். திறப்பு நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சொல்லித்தான் திறந்தார்கள். கள்ள அழைப்பிதழ் அச்சடித்து நுழைந்தவர்களையும் சேர்த்து 28,000 பேர் வரை வந்துவிட்டார்கள். அடித்த வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த சமயம் வேறு. குடிதண்ணீர்க் குழாயா, கழிப்பறையா என்று பார்த்துக் கழிப்பறையைத்தான் முடித்திருந்தார்கள். தண்ணீர் இல்லாததற்கு, குளிர்பானம் விற்பதற்கான தந்திரம் என்று அன்றைக்கே பேச்சு கிளம்பியது. இத்தனையையும் ஏபிசி தொலைக்காட்சி நேரலையில் காட்டியது. தொகுத்து வழங்கிய மூவரில் ஒருவர், பிற்பாடு ஜனாதிபதியான ரொனால்டு ரீகன். அந்த நாளுக்கு டிஸ்னிக்காரர்களே வைத்துக்கொண்ட பெயர் ‘கறுப்பு ஞாயிறு’.

பழைய படங்களில் ஆண்கள் கோட்டும் பெண்கள் கவுனும் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பதைக் காட்டி, “பாருங்கள், என்ன மரியாதை” என்பார்கள். 1950களில் கடைத்தெருவுக்கே அப்படித்தானே போனார்கள்? அந்த மரியாதைக்கு மறுபக்கமும் உண்டு. 1960களில் தலைமுடி நீளமாக வைத்த இளைஞர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். 1970 ஆகஸ்ட் 6 அன்று யிப்பிகள் எனப்பட்ட போர் எதிர்ப்பு இளைஞர்கள் சில நூறு பேர் உள்ளே புகுந்து, பூங்காவுக்குள் இருக்கும் டாம் சாயர் தீவில் கொடி ஏற்றி, தெருவில் பாடிக்கொண்டு போய், கடைசியில் கலவரத் தடுப்புப் போலீஸ் வந்து பூங்காவையே நேரத்தோடு மூட வேண்டியதாயிற்று. டிக்கெட் வாங்கி வந்த குடும்பங்கள் பாதியிலேயே வெளியேறின. இன்றைக்கு யாராவது நடைபாதையில் நடனமாடி வீடியோ எடுத்தால் ‘காலம் கெட்டுவிட்டது’ என்று பேசுகிறவர்களுக்கு இந்தக் கதையை எடுத்துவிடுவது என் வழக்கம்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கையில் போன் வந்தபிறகு இருட்டு ரைடுகளின் இருட்டு போய்விட்டது. பேய் வரப்போகிற மூலையில் பேய்க்கு முன்னால் ஐந்து திரைகள் ஒளிர்கின்றன. செல்ஃபிக் குச்சியை 2015இல் தடை செய்தார்கள். ரோலர் கோஸ்டரில் போகும்போதே ஒருவர் அதை நீட்டி, வண்டியையே நிறுத்த வேண்டி வந்ததற்குப் பிறகு. போனுக்குத் தடை போட யாருக்கும் தைரியம் வரவில்லை. எப்படி வரும், வரிசை டிக்கெட்டே அதில்தானே இருக்கிறது.

‘பைரட்ஸ் ஆஃப் த கரீபியன்’ ரைடை எத்தனை தடவைதான் மாற்றினார்கள்?

பெரிய மாற்றம் மூன்று. அந்த மூன்றையும் வைத்தே அமெரிக்காவின் அரை நூற்றாண்டைச் சொல்லிவிடலாம்.

ரைடு திறந்தது 1967 மார்ச்சில். வால்ட் நேரடியாக மேற்பார்த்த கடைசிப் பெரிய வேலை. அவர் அதைப் பார்த்து முடிக்கவில்லை. படகில் உட்கார்ந்தால், கடற்கொள்ளையர்கள் ஓர் ஊரைச் சூறையாடுவதை ஊடே மிதந்துகொண்டு பார்க்கலாம். இயந்திர பொம்மைகள் ஆடும், பாடும், குடிக்கும். அதில் இரண்டு காட்சிகள்: ஊர்ப் பெண்களைக் கொள்ளையர்கள் துரத்திச் சுற்றிச் சுற்றி ஓடுவது ஒன்று, கயிற்றில் கட்டிய பெண்களை ‘மணப்பெண் ஏலம்’ விடுவது இன்னொன்று. அப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

1997இல் துரத்தல் காட்சியை மாற்றினார்கள். பெண்களின் கையில் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்து, கொள்ளையன் சோற்றுக்காகத்தான் ஓடுகிறான் என்று ஆக்கினார்கள். இவர்கள் கொள்ளையர்களா, சாரணர் படையா என்று கேலி பறந்தது. 2003இல் அந்த ரைடின் பெயரிலேயே வந்த படம் சக்கைப்போடு போட்டது. 2006இல் படத்தின் நாயகன் ஜாக் ஸ்பேரோவை பொம்மையாகச் செய்து ரைடுக்குள்ளேயே மூன்று இடத்தில் வைத்தார்கள். ரைடிலிருந்து படம் பிறந்தது, படம் வந்து ரைடை விழுங்கியது என்று பழைய ஆட்கள் புலம்பினார்கள். மூன்றாவது 2018இல். மணப்பெண் ஏலப் பலகையை எடுத்துவிட்டு, ஊராரிடம் பிடுங்கிய பொருள்களை ஏலம் விடுவதாக மாற்றினார்கள். முன்பு ஏலத்தில் நின்ற சிவப்புத் தலைமுடிக்காரி இப்போது கையில் துப்பாக்கியோடு நிற்கும் ரெட் என்ற கொள்ளைக்காரி.

என் அபிப்பிராயம்? ஏலக் காட்சி போனதில் எனக்கு வருத்தமே இல்லை. பக்கத்தில் எட்டு வயது மகளை வைத்துக்கொண்டு அந்தப் பலகையைப் படித்துக் காட்டிப் பார்த்தால் புரியும். ஜாக் ஸ்பேரோ விஷயத்தில்தான் பழைய ஆட்கள் பக்கம் நிற்கிறேன். பெயர் தெரியாத கொள்ளையர்களுக்கு நடுவே பெயர் தெரிந்த ஒரு முகம் வந்ததும், “அதோ அவர்!” என்று கைகாட்டுவதோடு கற்பனை முடிந்துபோகிறது. நெறிக்காகச் செய்த மாற்றத்தைப் பற்றி ஊரே சண்டை போட்டது. வியாபாரத்துக்காகச் செய்த மாற்றம்தான் ரைடின் உயிரில் கைவைத்தது என்பேன்.

ரசிகர்கள் போராடி எதையாவது காப்பாற்றியிருக்கிறார்களா?

பெரும்பாலும் தோல்விதான். அதிலும் அழகான தோல்வி மிஸ்டர் டோடுடையது. ஃபுளோரிடாவில் 1971 முதல் ஓடிய ரைடு அது. கார்ப் பைத்தியம் பிடித்த ஒரு தேரையார் கண்மண் தெரியாமல் ஓட்டிக்கொண்டு போய், ரயிலில் மோதி, நேரே நரகத்துக்குப் போவார். குழந்தைகள் ரைடு நரகத்தில் முடிவது உலகத்திலேயே இந்தக் கதையில் மட்டும்தான் இருக்கும். அதை மூடிவிட்டு வின்னி என்ற கதைக் கரடிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று 1997இல் தெரிந்ததும், ரசிகர்கள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ரைடு வாசலில் கூடினார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் நடந்தது. 1998 செப்டம்பரில் மூடியேவிட்டார்கள்.

ஆனால் வின்னி ரைடுக்குள் போனால் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது: தேரையார் வீட்டுப் பத்திரத்தை வின்னி கதையில் வரும் ஆந்தையாரிடம் எழுதிக் கொடுக்கிறார். பக்கத்திலிருக்கும் ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டின் வளர்ப்புப் பிராணிகள் சுடுகாட்டில் தேரையாருக்கு ஒரு சிலையும் உண்டு. கட்டியவர்களுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கலிபோர்னியாவில் அந்த ரைடு இன்றைக்கும் ஓடுகிறது, நரகத்தோடு.

ஜெயித்த கதையும் உண்டு, ஆனால் 46 வருஷம் ஆயிற்று. கலிபோர்னியாவின் ஹாண்டட் மேன்ஷன் 1969இல் திறந்தபோது தொப்பிப்பெட்டிப் பேய் என்று ஒன்று இருந்தது. தோளிலிருந்த தலை மறைந்து கையிலிருக்கும் பெட்டிக்குள் தோன்ற வேண்டும். வெளிச்சம் கசிந்து தலை சரியாக மறையவில்லை என்று கொஞ்ச நாளிலேயே தூக்கிவிட்டார்கள். அப்படி ஒரு பேய் இருந்ததா, இல்லை கட்டுக்கதையா என்று ஒரு தலைமுறையே வாதாடிக்கொண்டிருந்தது. 2015இல் புது இயந்திரத்தோடு அதைத் திரும்ப வைத்தார்கள். இப்போது தலை ஒழுங்காக மறைகிறது.

ஸ்பிளாஷ் மவுண்டனை ஏன் மூடினார்கள்? அதில் அப்படி என்ன தப்பு?

மரக்கட்டைப் படகில் ஏறி, முயலும் நரியும் கரடியும் பாடுவதைப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் மலை உச்சியிலிருந்து தொப்பலாக விழுகிற ரைடு. 1989இல் கலிபோர்னியாவில் வந்தது. பொம்மைகளில் பல, முன்பு மூடிய வேறொரு பாட்டு நிகழ்ச்சியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. கதை மட்டும் 1946இல் டிஸ்னி எடுத்த ‘சாங் ஆஃப் த சவுத்’ படத்திலிருந்து. அடிமை முறை ஒழிந்த பிறகான தென்மாநிலப் பண்ணையில், கறுப்பினத் தொழிலாளர்கள் முதலாளி வீட்டுக்கு அருகில் பாடி மகிழ்ந்து கிடந்ததாகக் காட்டும் படம். வந்தபோதே கறுப்பின மக்களின் அமைப்புகள் எதிர்த்தன. அமெரிக்காவில் அதை வீடியோவாகக் கூட டிஸ்னி வெளியிட்டதில்லை. தானே ஒளித்துவைத்த படத்துக்குத் தானே மலை கட்டி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பிறகு ஊரெல்லாம் கொந்தளித்துக்கொண்டிருந்தபோது, இதை டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி டியானாவின் ரைடாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். மாற்றச் சொல்லி ஒரு கையெழுத்து இயக்கம், மாற்றாதே என்று இன்னொன்று. ஃபுளோரிடாவில் 2023 ஜனவரியில் மூடியபோது, அந்த ரைடுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஈபேயில் விற்றார்கள். கங்கைத் தீர்த்தம் மாதிரி.

“நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, எங்களுக்கு அது வெறும் முயல்” என்றார்கள் பழைய ரசிகர்கள். பொய்யில்லை, உண்மையிலேயே அவர்கள் பார்த்திருக்க வழியில்லை. “உங்களுக்கு வெறும் முயல், எங்களுக்கு அப்படியில்லை” என்றார்கள் எதிர்ப்பக்கம். அதுவும் உண்மை. மாற்ற வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் 2024இல் திறந்த புது ரைடில் ஒரு குறை உண்டு. பழையதில் முயலைப் பிடிக்க நரி துரத்துகிறது, அந்தப் பயத்தோடு சேர்த்துத்தான் நாமும் விழுகிறோம். புதியதில் டியானா விருந்துக்குப் பாட்டுக்காரர்களைத் தேடுகிறாள். வில்லன் இல்லை. விருந்துக்கு ஆள் தேடப் போனவர்கள் எதற்கு மலையிலிருந்து விழ வேண்டும்? பொம்மைகள் என்னவோ அபாரம்.

டோக்கியோவில் இன்னும் பழைய ரைடே ஓடுகிறது. அங்கே போய் அழுதுவிட்டு வருபவர்கள் உண்டு.

அப்படியானால் பூங்காவையே அதிகம் மாற்றியது எது?

வரிசை. ரைடுகளை வைத்து எத்தனை சண்டை போட்டாலும், வருகிறவர்களின் குணத்தை மாற்றியது வரிசைதான் என்பது என் கட்சி.

1999 வரை ஒரே வழி: நின்றால் ஏறலாம். மில்லியன் கணக்கில் பணம் வைத்திருப்பவரும் உங்களுக்குப் பின்னால்தான் நின்றார். அந்த வருஷம் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. ரைடு வாசலில் உள்ள இயந்திரத்தில் உங்கள் டிக்கெட்டைச் செருகினால் ஒரு துண்டுச்சீட்டு வரும். அதில் போட்டிருக்கும் நேரத்துக்கு வந்தால் தனி வாசல் வழியாகச் சீக்கிரம் உள்ளே போகலாம். இலவசம். திருப்பதியில் நேரம் போட்டுக் கொடுக்கும் இலவச தரிசன டோக்கன் மாதிரி. காலையில் எழுந்து ஓடத் தெரிந்தவனுக்கு லாபம், பணக்காரன் என்பதால் லாபம் இல்லை. வீட்டுக்கு ஒருவர் எல்லார் டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு பூங்காவின் அந்தக் கோடிக்கு ஓடுவார். ரசிகர்கள் அவரைப் பெருமையாக ‘ஓட்டக்காரர்’ என்றார்கள்.

பிறகு ஃபுளோரிடாவில் அதைப் போனுக்குள் கொண்டுபோய், டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் 60 நாள் முன்பே பதிவு செய்யலாம் என்றார்கள். எந்த நாளில் எத்தனை மணிக்கு எந்த மலையிலிருந்து விழப்போகிறோம் என்பதை இரண்டு மாதம் முன்பே முடிவு செய்யும் வாழ்க்கை. 2020 பெருந்தொற்று மூடலோடு அது நின்றது. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்று திரும்பி வந்தபோது இலவசம் போயிருந்தது: தலைக்கு ஒரு நாளைக்கு 15 டாலரில் தொடக்கம், மிகப் பிரபலமான ரைடுகளுக்குத் தனிக் காசு. 2024இல் பெயரை மாற்றி ‘லைட்னிங் லேன் மல்டி பாஸ்’ ஆக்கினார்கள். அதே வருஷக் கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே ‘பிரீமியர் பாஸ்’. நேரக் கெடு கிடையாது, நினைத்தபோது நுழையலாம். டிஸ்னிலேண்டில் அறிமுகமானபோது விலை 400 டாலர். நுழைவுச்சீட்டு தனி.

ஆக, தர்ம தரிசனம், சிறப்பு தரிசனம், விஐபி தரிசனம் மூன்றும் வந்துவிட்டன. இதை நம் ஆட்களுக்கு விளக்க இரண்டு நொடி போதும். அமெரிக்க ரசிகர்களுக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இதில் இருக்கும் கணக்கு எளிது. ஒரு ரைடு மணிக்கு இத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும். இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் நிற்கும் ஊழியர், காசு கொடுத்தவர்களைக் கொத்தாக விட்டுவிட்டுத்தான் மற்றவர்களில் சிலரை விடுவார். அந்த வரிசை விரைந்தால் இந்த வரிசை தேங்கும். முன்பெல்லாம் வரிசையில் பக்கத்தில் நிற்பவரோடு பேச்சு முளைக்கும். எந்த ஊர், எத்தனையாவது தடவை என்று. இப்போது ஒரு கூட்டம் கம்பிக்கு அந்தப் பக்கமாக உங்களைக் கடந்து போவதை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படிப் பார்த்து நிற்பவர்கள் பக்கத்து ஆளோடு சிரித்துப் பேசுவதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி ஏற்பாடு இருந்ததே, அதிலும் தகராறா?

மிகக் கசப்பான தகராறே அதில்தான். முன்பு ஓர் அட்டையைக் காட்டினால் தனி வழியில் விடுவார்கள். வசதியுள்ள சிலர் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்குக் கூட்டிவந்து வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று 2013இல் செய்தி வந்து நாறியது. அந்த அக்டோபரிலேயே முறையை மாற்றினார்கள்: காத்திருப்பு நேரத்தை எழுதிக் கொடுப்பார்கள், வெளியே எங்காவது உட்கார்ந்துவிட்டு அந்த நேரத்துக்கு வரலாம். 2024இல் இன்னும் இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் முக்கியமாக என்று ஆக்கிவிட்டார்கள். வேறு நோய்களோடு வருபவர்கள், “எங்களை யார் என்று நினைத்தீர்கள்?” என்று கேட்கிறார்கள். இலவசமாக விரைந்து போகும் வழி எல்லாருக்கும் இருந்தவரை இந்த அட்டைக்கு இவ்வளவு கிராக்கி இல்லை என்பதையும் சேர்த்து யோசித்தால் நல்லது.

குழந்தை இல்லாமல் வரும் பெரியவர்களை ஏன் கிண்டல் செய்கிறார்கள்?

‘டிஸ்னி அடல்ட்’ என்பது இப்போது பாதி கிண்டல், பாதி பட்டம். சொல்லப்போனால், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்றுதான் வால்ட் இதைத் தொடங்கினார். குழந்தைகள் ராட்டினத்தில் சுற்ற, தான் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த அலுப்பில் பிறந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். பெரியவர்களுக்கும் சேர்த்துக் கட்டிய இடத்துக்குப் பெரியவர்கள் வந்தால் என்ன?

14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இளவரசி வேஷம் கட்டி வரக்கூடாது என்று விதி. குழந்தைகள் நிஜ இளவரசி என்று நினைத்துவிடுவார்களாம். அதற்கு ரசிகர்கள் கண்டுபிடித்த வழி ‘டிஸ்னிபவுண்டிங்’. வேஷம் கட்டாமல் சாதாரண உடையிலேயே அந்தப் பாத்திரத்தின் நிறத்தைக் கொண்டுவருவது. மஞ்சள் புடவையும் சிவப்பு ரவிக்கையும் கட்டினால் வின்னி கரடி. என் மனைவி ஒரு முறை கட்டினாள். மூன்று பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

செத்தவர்களின் சாம்பலை உள்ளே தூவுகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. கடுமையாகத் தடை, ஆனாலும் நடக்கிறது. 2018இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் விரிவாக எழுதியது. ஹாண்டட் மேன்ஷன்தான் பிடித்த இடமாம். ரைடை நிறுத்தி, நுண்தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் துடைக்கிறார்கள். ராமேஸ்வரத்துக்குப் போக வேண்டியது குப்பைப் பைக்குப் போகிறது.

ஜப்பானில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதாமே?

1983இல் திறந்த டோக்கியோ டிஸ்னிலேண்டின் உரிமையாளர் டிஸ்னியே அல்ல, ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். அணிவகுப்புக்கு முன்வரிசையில் இருப்பவர்கள் விரிப்பு போட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள், பின்னால் நிற்பவர்களுக்கும் தெரிகிறது. அனஹைமில் அப்பா தோளில் பிள்ளை, பிள்ளை கையில் போன், பின்னால் நிற்பவருக்கு முதுகு. பாப்கார்னிலும் அங்கே கறி மசாலா வாசனை வரை உண்டு. எங்கள் ஊர் ரசிகர்கள் இதையெல்லாம் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். அங்கேயும் இப்போது காசு கொடுத்து முந்தும் சீட்டு வந்துவிட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இப்போது நடக்கும் பெரிய சண்டை எது?

ஆறு. ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டமில் இருந்த டாம் சாயர் தீவைச் சுற்றி ஓடிய செயற்கை ஆற்றையும், அதில் போன நீராவிப் படகையும் 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். ‘கார்ஸ்’ படத்தை வைத்துப் புதுப் பகுதி வரப்போகிறது. அந்தத் தீவுக்குக் கூட்டமே வந்ததில்லை என்பது உண்மை. கூட்டம் வராததால்தான் அது தேவைப்பட்டது என்பதும் உண்மை. களைத்தவர்கள் காசு செலவழிக்காமல் உட்காரக் கிடைத்த ஒரே நிழல் அது. இதில் நான் ஆற்றின் பக்கம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். இத்தனை சண்டைக்கு நடுவே யார் பேச்சைக் கேட்டுப் போவது?

யார் பேச்சையும் வேண்டாம். திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வாசலில் இருங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறுவதை மத்தியானம் முழுவதும் நின்றாலும் ஏற முடியாது. மத்தியானம் வெயிலில் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகில் உட்கார வையுங்கள். விழாது, குலுங்காது, கால் வலிக்காது. அதில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பாட்டைக் கேட்டால் ரசிகர்களே காதைப் பொத்திக்கொள்வார்கள். என் மாமியார் இறங்கியதும் கேட்டது, “இன்னொரு தடவை போகலாமா?” போனோம்.

வெளிச் சாப்பாட்டுக்குத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சுடவைத்துத் தரவும் மாட்டார்கள். புளியோதரை தாராளமாகக் கொண்டுபோகலாம். சாப்பாட்டுக் கடைகளில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகக் கொடுப்பார்கள். 1955இல் கிடைக்காத தண்ணீர் அது.